இடைப்பட்ட ஈரம்: நீர்ச்சிக்கனமும் நடவுமுறையும் களையும்

சிலாங்கூரின் செமினியில் நெல் விளைவதில்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் இப்போது குடியிருப்புத் தாமான்கள் எழுகின்றன. ஆனாலும் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்ற கேள்வி இரண்டு வழிகளில் இந்த ஊரின் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஒன்று குழாய் வழி. 1998 வறட்சியில் செமினி, லங்காட், கிள்ளான் கேட்ஸ் அணைகளின் நீர்மட்டம் இறங்கி, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் முறைவைத்துத் தண்ணீர் பிடித்தது. 2014-இல் சிலாங்கூரில் மறுபடியும் பங்கீடு. பகாங்கிலிருந்து 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து தண்ணீர் கொண்டுவரும் நிலைக்கு மாநிலம் வந்துவிட்டது.

இன்னொரு வழி அரிசிக் கடை. 2023 ஜூலை 20-இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் 1-இல் மலேசியாவுக்கு அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. கிலோ 2 ரிங்கிட் 60 காசு என்று விலை கட்டப்பட்ட உள்ளூர் அரிசி கடைகளில் கிடைப்பது அரிதானது. நாட்டின் அரிசித் தேவையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே உள்நாட்டில் விளைகிறது.

ஆக, ஒரே வயலிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கப்படுகின்றன: தண்ணீரைக் குறைத்துக்கொள், நெல்லைக் கூட்டிக் கொடு. ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமும் சேர்ந்து சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குள் போகிறது என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அதில் கணிசமான பகுதி பயிரின் வேருக்குப் போகாமல் மண்ணில் கசிந்தும் வரப்பில் ஒழுகியும் வெயிலில் ஆவியாகியும் போவதால், குறைக்க இடம் உண்டு என்பதில் ஐயமில்லை. குறைத்த பிறகு வயலில் என்ன முளைக்கிறது என்பதில்தான் சிக்கல். மலேசியா, தமிழ்நாடு, பஞ்சாப், இலங்கை ஆகிய இடங்களின் அனுபவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எவ்வளவு தண்ணீர் மிச்சப்படுத்தினோம் என்பதைவிட, எந்த வாரத்தில் மிச்சப்படுத்தினோம், அந்த வாரத்தில் பயிர் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

தேங்கிய நீர் செய்யும் வேலை

நெல் நீர்த்தாவரம் அல்ல. நீரைத் தாங்கும் பயிர். வயலில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கவேண்டும் என்று நெல் கேட்பதைவிட உழவர் கேட்பதுதான் அதிகம். காரணம் களை. ஒரு பிடி வயல் மண்ணில் உறங்கும் களை விதைகள் மிகச் சிறியவை. கோரை வகைகளின் விதை தூசு போலிருக்கும். முளைக்க அவற்றுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். மண்ணின் மேல் நீர் நின்றால் இரண்டும் குறைகின்றன. மேல்மண்ணில் உயிர்வளி சில நாள்களில் தீர்ந்துபோகும். முளைத்தாலும், கையிருப்புச் சத்து சிறிதளவே உள்ள அந்த விதை, நீரைத் துளைத்து மேலே வருவதற்குள் சோர்ந்துவிடும்.

எல்லாக் களையையும் நீர் தடுப்பதில்லை. மொனோகோரியா, நீர்க்கிராம்பு, ஆரைக்கீரை போன்றவை தேங்கிய நீரிலேயே வாழப் பழகியவை. நீர் முக்கியமாகத் தடுப்பது புல்லினங்களையும் கோரைகளில் பலவற்றையும். நெல்லின் கடும் எதிரிகள் புல்லினங்களே. குதிரைவாலிப் புல்லும் லெப்டோகுளோவா புல்லும் வெப்பத்திலும் குறைந்த ஈரத்திலும் நெல்லைவிடத் திறமையாக உணவு தயாரிக்கும் சி-4 வகையைச் சேர்ந்தவை. நெல் சி-3 வகை. தண்ணீர் குறையக் குறைய ஆட்டம் அவற்றின் பக்கம் சாய்கிறது. நெல் நாற்றோடு நாற்றாக நிற்கும் குதிரைவாலிப் புல்லைப் பழகிய கண்ணே சில நேரம் தவறவிடும். இலையும் தண்டுறையும் சேரும் இடத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நெல்லுக்கு அங்கே ஒரு வெண்சவ்வு நாக்கும், மயிர் நிறைந்த சிறு காதுகளும் இருக்கும். புல்லுக்கு அந்த இடம் மொட்டையாக இருக்கும்.

களையால் ஏற்படும் இழப்பு சிறியதல்ல. களையை அப்படியே விட்டுவிட்டால் உலக நெல் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும் என்றும், இப்போது செய்யும் எல்லாக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகும் பத்தில் ஒரு பங்கு போகிறது என்றும் 2006-இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு கூறியது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தொகையைக் காப்பாற்றித் தருபவர்களில் கூலி கேட்காத ஒருவர் தேங்கிய நீர். பாசனத்தைக் குறைக்கும்போது முதலில் வேலையை விட்டு நிற்பவரும் அவர்தான்.

நாற்றா, விதைப்பா

நீர் தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை. தேங்கிய நீரில் நெல் விதையும் நன்றாக முளைக்காது. அந்த முட்டுக்கட்டைக்கு ஆசிய உழவர்கள் கண்ட விடை நாற்று நடவு. நாற்றங்காலில் 20, 25 நாள் வளர்ந்த நாற்றைச் சேற்றில் நட்டு உடனே தண்ணீர் கட்டலாம். நெல்லுக்கு வயது 25 நாள். களைக்கு வயது சுழியம். அதிலும் களை நீருக்கடியில். உழவும் பரம்படிப்பும் ஏற்கெனவே முளைத்திருந்ததைச் சேற்றில் புதைத்துவிட்டிருக்கும்.

நேரடி விதைப்பில் இந்த முன்தொடக்கம் பறிபோகிறது. நெல்லும் களையும் ஒரே நாளில் பிறக்கின்றன. முளைகட்டிய விதையைச் சேற்றில் தூவினால், அது வேர்பிடிக்கும் வரை பத்து நாளாவது நீரை வடித்து வைக்கவேண்டும். அந்த ஈரச் சேறுதான் களை விதைக்கும் ஏற்ற மஞ்சம். நட்ட வயலில் நீர் சிக்கனம் செய்வதற்கும் விதைத்த வயலில் சிக்கனம் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. இதைப் பார்க்காமல் பாசன அளவை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும்.

செமினியிலிருந்து அதிகத் தொலைவில்லாத செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் அப்துல் ஷுக்கோர் ஜுராய்மி குழுவினர் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். பினாங்கு மாநிலத்துப் பெர்தாமில் நேரடி விதைப்பு வயல்களை வெவ்வேறு நீர்நிலைகளில் வைத்துப் பார்த்தபோது, நீர் குறையக் குறையக் களைக் கூட்டத்தின் முகமே மாறுவதை அவர்கள் பதிவு செய்தனர். தேங்கிய நீரில் அகன்ற இலைக் களைகள் முன்னால் நின்றன. மண் ஈரமாக மட்டும் இருந்த வயல்களில் புல்லும் கோரையும் ஆட்சிக்கு வந்தன. நீர் கட்டாமல் மேட்டுநிலப் பயிர் போல வளர்க்கும் ஏரோபிக் நெல்லில் அவர்கள் செய்த மற்றோர் ஆய்வு காலத்தையே அளந்தது. 95 விழுக்காடு விளைச்சலைக் காப்பாற்ற, விதைத்த 7-ஆம் நாளிலிருந்து ஏறத்தாழ 50-ஆம் நாள் வரை வயல் களையின்றி இருக்கவேண்டும். 90 விழுக்காடு போதும் என்றால் 20-களின் தொடக்கத்திலிருந்து 40-ஆம் நாள் வரை காத்தால் போதும். நூறு நாளைச் சற்றுத் தாண்டும் பயிருக்கு ஆறு வாரக் காவல்! நட்ட நெல்லில் அந்தக் காவலில் பெரும்பகுதியைத் தேங்கிய நீரே பார்த்துக்கொள்ளும்.

மூடாவும் சிலாங்கூரும் கற்ற பாடம்

நடவை விட்டு விதைப்புக்கு மாறும் இந்தச் சோதனை ஒரு நாட்டளவில் நடந்த இடம் மலேசியா. கெடாவின் மூடா பாசனத் திட்டம் 1970-இல் இரட்டைப் போகத்தைத் தொடங்கியது. அப்போது எல்லாம் நடவுதான். ஊர்ப்பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கியதும் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. 1980-களில் மூடா உழவர்கள் வேகவேகமாக நேரடி விதைப்புக்கு மாறினர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வயல்களில் பெரும்பாலானவை விதைத்தவை. கூலி மிச்சமானது, பயிர்க்காலம் சுருங்கியது, நாற்றங்கால் வேலை ஒழிந்தது.

களை தன் கணக்கைப் பின்னால் கொண்டுவந்தது. நடவுக் காலத்தில் மொனோகோரியா, நீர்க்கிராம்பு போன்ற அகன்ற இலைகளும் சில கோரைகளும் இருந்த இடத்தைக் குதிரைவாலிப் புல்லும் லெப்டோகுளோவாவும் பிடித்துக்கொண்டன. பதிலுக்குக் களைக்கொல்லி வந்தது. ஒரே மருந்தைப் போகத்துக்குப் போகம் தெளித்ததில், ஃபிம்பிரிஸ்டைலிஸ் என்னும் சிறு கோரை 2,4-டி மருந்துக்கு அஞ்சாத நிலைக்கு வந்துவிட்டதாக 1989-லேயே மலேசியாவிலிருந்து பதிவானது.

அதைவிடக் கடுமையானது களைநெல். 'பாடி ஆஙின்' என்று சிலாங்கூர் உழவர்கள் சொல்லும் இது 1988-இல் தஞ்சோங் காராங் வட்டாரத்தில், வடமேற்குச் சிலாங்கூர் நெல் திட்டப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டது. 1990-இல் மூடாவிலும் தலைகாட்டியது. இது வேற்றினப் புல் அல்ல, நெல்தான். பயிரோடு முளைத்து, பயிரைப் போலவே வளர்ந்து, அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்துவிடும். உதிர்ந்த மணி அடுத்த போகத்துக்கு மண்ணில் காத்திருக்கும். நெல்லைக் கொல்லாமல் இதை மட்டும் கொல்லும் மருந்து வழக்கமான பட்டியலில் இல்லை. கதிர் வரும் சமயத்தில் பயிருக்கு மேலே உயர்ந்து நிற்கும் தட்டைகளை வரப்பில் நடந்து கையால் பிடுங்குவதுதான் பல காலம் வழியாக இருந்தது. அப்போது பிடுங்கினாலும் பாதி மணி உதிர்ந்திருக்கும்.

2010-இல் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டியும் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனமும் சேர்ந்து கிளியர்ஃபீல்ட் நெல்லை வெளியிட்டன. எம்.ஆர்.220 சி.எல்.1, சி.எல்.2 ஆகிய இந்த வகைகள் இமிடசோலினோன் மருந்தைத் தாங்கும், களைநெல் தாங்காது. முதல் சில போகங்களில் விளைச்சல் தெளிவாக ஏறியது. ஆனால் நெல்லும் களைநெல்லும் ஒரே இனம் என்பதால் மகரந்தம் வழியே அந்தத் தாங்குதிறன் தாண்டிப்போக வழியிருந்தது. தொடர்ந்து பயிரிடக் கூடாது என்ற பரிந்துரையை மீறிப் பயிரிட்டவர்களும் உண்டு. 2018-இல் அந்த மருந்துக்கு அடங்காத களைநெல் மலேசிய வயலிலிருந்து ஆய்விதழில் ஏறிவிட்டது. சுற்றிச்சுற்றி வந்து இன்று சிலாங்கூரிலும் கெடாவிலும் வேளாண் அதிகாரிகள் பரிந்துரைப்பது என்ன? நன்றாகச் சேறடித்து, நீர் கட்டி, நடவு இயந்திரத்தால் நாற்று நடுவது. கூலியாள் போன இடத்துக்கு இயந்திரம் வந்திருக்கிறது, கோட்பாடு பழையதுதான்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நட்ட வயலில் நீரைக் குறைக்கும் வழிகளில் அதிகம் ஆராயப்பட்டது காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. இதற்கான கருவி எளியது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். துளையுள்ள பகுதி மண்ணுக்குள் போகுமாறு வரப்போரம் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட்டால், குழாய்க்குள் தெரியும் நீர்மட்டம்தான் வயலின் அடிமண் நீர்மட்டம். மேலே மண் காய்ந்து மயிரிழை வெடிப்புக் கண்டாலும் குழாய்க்குள் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நீர் இருந்தால் பயிரின் வேர் தாகப்படவில்லை என்று பொருள். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி ஐந்து சென்டிமீட்டர் உயரம் கட்டவேண்டும்.

56 ஆய்வுகளின் 528 ஒப்பீடுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டின் பகுப்பாய்வு ஒன்று இந்த 15 சென்டிமீட்டர் எல்லைக்கு வலுவான சான்று. அந்த எல்லைக்குள் நிறுத்திய வயல்களில் விளைச்சல் குறையவில்லை. தண்ணீர் ஏறத்தாழ 23 விழுக்காடு மிச்சம். எல்லை மீறிக் காயவிட்டவற்றில் விளைச்சல் 22 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி இழப்பு 5.4 விழுக்காடு. சராசரியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இந்த முறையைத் தேவைக்கு மேல் பழிக்கிறார்கள். மிச்சத்தை மட்டும் சொல்பவர்கள் தேவைக்கு மேல் புகழ்கிறார்கள். வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் பாதியளவுக்குக் குறைவது இதன் கூடுதல் பலன். அதனால்தான் கரிம வரவு பேசுபவர்களும் இப்போது இதைத் தேடி வருகிறார்கள்.

களைப் பக்கம் இந்த முறையின் பரிந்துரையிலேயே ஒரு வரி உண்டு. பலர் அதைத் தாண்டிப் படித்துவிடுகிறார்கள். நட்ட ஓரிரு வாரங்களில் காய்ச்சலைத் தொடங்கலாம். ஆனால் களை மிகுந்த வயலில் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போட்டு, அதுவரை நீரைத் தேக்கி வைக்கவேண்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் நீர் குறையவே கூடாது. ஆக, தாராளமாகச் சிக்கனம் செய்யக்கூடிய காலம் நடுவில் இருக்கிறது: பயிர் நிலத்தை மூடிய பிறகு, கதிர் வருவதற்கு முன். மறுபடி கதிர் பால்பிடித்த பிறகும் இடமுண்டு. இலை மூடிய வயலில் களை முளைத்தாலும் வெளிச்சமின்றிக் கிடக்கும். அந்த வாரங்களில் குறைக்கும் தண்ணீருக்கு ஏறத்தாழ விலையே இல்லை. முதல் மாதத்தில் குறைக்கும் தண்ணீருக்கோ களைக்கூலியாகவோ மருந்தாகவோ விலை கொடுத்தே ஆகவேண்டும்.

ஒற்றை நாற்று: கூலி மாறிய கதை

இந்த விலையை வேறு வகையில் கொடுத்துப் பார்த்தது தமிழ்நாடு. மடகாஸ்கரில் 1980-களில் ஹென்றி தெ லொலானி என்ற பாதிரியார் வகுத்த முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஐ ஒட்டிச் சோதிக்கத் தொடங்கியது. ஒற்றை நாற்று நடவு என்றும் செம்மை நெல் சாகுபடி என்றும் உழவர்களிடம் போனது இதுதான். 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒன்று, 25-க்கு 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளி, நீரை மெல்லிதாக மட்டும் கட்டுதல், உருளைக் களைக்கருவியால் பத்து நாளுக்கு ஒருமுறை களை மிதித்தல். தாமிரபரணிப் படுகையில் 2003-04-இல் நூறு உழவர் வயல்களில் பார்த்தபோது இம்முறையில் எக்டருக்குச் சராசரி 7.2 டன், வழக்கமான முறையில் 5.7 டன்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் முறையின் நுட்பம் தெரியும். இடைவெளி அகலம் என்பதால் பயிர் நிலத்தை மூடத் தாமதமாகும். நீரும் குறைவு. நாற்றும் இளசு, முன்தொடக்கம் பாதியாகிவிட்டது. களைக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது. அதைச் சமாளிக்கத்தான் சதுர நடவும் கருவியும். இரண்டு திசையிலும் கருவி ஓடுவதால் குத்துகளுக்கு நடுவே கைக்களைக்கு மிச்சம் குறைவு. மிதிபட்ட களை அங்கேயே மட்கி உரமாகிறது. வேர்ப்பகுதிக்குக் காற்றுப் போகிறது.

நீரும் களையும் எவ்வளவு பின்னிக்கிடக்கின்றன என்பது அந்தக் கருவியைத் தள்ளிப் பார்த்தவருக்குத் தெரியும். கோனோவீடர் எனப்படும் அதன் பற்கள் உள்ள இரு கூம்பு உருளைகள் சேற்றில் புரள மண்ணின் மேல் இரண்டு விரல் நீராவது வேண்டும். காய்ந்து இறுகிய களிமண்ணில் அது புரளாது, இழுபடும். தள்ளுபவரின் தோள் கழன்றுபோகும். நீர் அதிகமானால் மிதந்து வழுக்கும், களையைப் புதைக்காது. பாசனத்தில் சிக்கனம் செய்பவர் களை எடுக்கும் நாளைப் பார்த்துத் தண்ணீர் கேட்டு வாங்கவேண்டும். சொந்தக் கிணறு உள்ளவருக்கு இது முடியும். வாய்க்காலில் முறைத்தண்ணீருக்குக் காத்திருப்பவருக்கு, அதுவும் மேட்டூர் அணைத் திறப்பை நம்பியிருக்கும் கடைமடைக்காரருக்கு, களை எடுக்கவேண்டிய நாளும் தண்ணீர் வரும் நாளும் ஒன்றாக அமைவது அவர் கையில் இல்லை.

விளைச்சல் கூடியும் உழவர்கள் முறையை முழுதாக ஏற்கவில்லை என்று 2008-இல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வொன்று சொன்னது. குனிந்து களை பறிப்பது பெண்கள் வேலையாக இருந்தது. கருவி தள்ளும் வேலை ஆண்கள் கைக்குப் போனது. ஆண்களுக்குக் கூலியும் அதிகம். நடவு செய்பவர்களும் ஒற்றை நாற்றைக் கயிறு பிடித்து நடுவதற்குப் பழகியிருக்கவில்லை. மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கும் ஊரில் தண்ணீர் மிச்சம் என்பது உழவரின் பைக்குள் காசாக வருவதுமில்லை. நீரை மிச்சப்படுத்தச் சொல்லும் திட்டம் யாருக்கு மிச்சம் என்று சொல்லாமல் விட்டால், உழவர் தனக்கு ஒத்துவரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வார். பலர் சதுர நடவையும் இளநாற்றையும் வைத்துக்கொண்டு, நீரைப் பழையபடியே கட்டினார்கள். அது அறியாமை அல்ல, கணக்கு.

காய்ந்த மேல்மண்

இதுவரை சொன்னதற்கு எதிர்ச்சான்று போலத் தோன்றும் ஓர் அனுபவம் பஞ்சாபில் உண்டு. நிலத்தடி நீர் இறங்கியதால் 2009-இல் அந்த மாநிலம் ஜூன் 10-க்கு முன் நடவு செய்யத் தடை போட்டது. 2020 ஊரடங்கில் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் ஊர் திரும்பிவிட, நேரடி விதைப்பு திடீரென்று பரவியது. பின்னர் 2022-இல் ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. வந்த வேகத்தில் பலர் களையில் மாட்டிக்கொண்டனர். சிலர் விதைத்ததை உழுதுவிட்டு மறுபடி நட்டனர்.

மாட்டிக்கொள்ளாதவர்கள் பின்பற்றியது லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் வகுத்த முறை. விதைப்புக்கு முன்பே நீர் பாய்ச்சி, மண் பதமானதும் உழுது, ஈரமுள்ள ஆழத்தில் விதையை இறக்கி, மேலே பரம்படித்து மூடவேண்டும். பிறகு முதல் தண்ணீர் ஏறத்தாழ 21-ஆம் நாள்தான். நெல் கீழிருக்கும் ஈரத்தைப் பிடித்து வளரும். மேலே ஓரங்குல மண் காய்ந்து கிடப்பதால் அங்கே உறங்கும் களை விதைக்கு ஈரமில்லை. முதல் மூன்று வாரம் நீரே கொடுக்காததால் களை குறைகிறது!

முரண்பாடு மேலோட்டமானதுதான். வெள்ளம் களை விதைக்குக் காற்றை மறுக்கிறது; வறட்சி ஈரத்தை மறுக்கிறது. களை கொழிப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரத்தில், காற்றும் நீரும் ஒருங்கே கிடைக்கும் அந்த மெத்தென்ற மண்ணில். பயிரின் முதல் வாரங்களில் அரைகுறையாகத் தண்ணீர் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான சிக்கனம்.

இராமநாதபுரத்து உழவர்களுக்கும் கிளிநொச்சி, மட்டக்களப்பு உழவர்களுக்கும் புழுதி விதைப்பு புதிதல்ல. மழைக்கு முன் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது அவர்களின் வழக்கம். மழை தொடர்ந்து வந்து நீர் நின்றால் பயிர் முந்தும். ஒரு மழையோடு நின்று, பத்து நாள் கழித்து இன்னொன்று வந்தால் களை முந்தும். இலங்கையில் நெல்லின் பெரும்பகுதி விதைப்புதான். ஆகவே களைக்கொல்லியை நம்பியே நிற்கிறது. 2021 ஏப்ரலில் கோட்டாபய ராஜபக்ச அரசு வேதியுரத்தோடு பூச்சி, களை மருந்து இறக்குமதியையும் ஒரே நாளில் நிறுத்தியபோது, உரப் பற்றாக்குறையைப் பற்றித்தான் உலகம் பேசியது. வயலில் நின்றவர்கள் களையைப் பற்றியும் பேசினார்கள். நவம்பரில் தடை விலக்கப்பட்டது. நடவும் இல்லை, நீரும் உறுதியில்லை, மருந்தும் இல்லை என்றால் நெல்லுக்குக் காவல் யார் என்ற கேள்வியை அந்த ஒரு போகம் அப்பட்டமாகக் காட்டியது.

பஞ்சாபின் வழி சிலாங்கூருக்குப் பொருந்துமா? பொருந்தாது. மேல்மண்ணை மூன்று வாரம் காயவைக்க மழை இல்லாத மே, ஜூன் வேண்டும். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. முழுதாக மழையற்ற மாதம் என்று ஒன்றில்லை. இங்கே காய்ந்த முனையை நம்ப முடியாது. நமக்கு வாய்த்தது வெள்ள முனை மட்டுமே.

நெல்லுக்கு அப்பால்

செமினி, ஹுலு லங்காட் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் இதே விதி தலைகீழாக வேலை செய்கிறது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் நீர் தேக்க முடியாது. ஆகவே அங்கே தண்ணீர் களையின் எதிரியல்ல, தோழன். வாளியாலோ தெளிப்பானாலோ பாத்தி முழுவதும் நனைத்தால் பாத்தி முழுவதும் களை. சொட்டுநீரில் செடியின் காலடி மட்டும் நனைகிறது; நடுப்பகுதி காய்கிறது. அங்கே நீரைக் குறைப்பதும் களையைக் குறைப்பதும் ஒரே செயல். தென்னை நார்க்கழிவுப் பையில் சொட்டுநீரோடு உரமும் கலந்து விடும் மிளகாய்த் தோட்டங்களில் களைக்கு இடமே இல்லாமல் போவது இதனால்தான்.

ஆனால் திறந்தவெளியில் மாலை மழை வந்து அந்தக் காய்ந்த நடுப்பகுதியை நனைத்துவிடும். அதனால்தான் இந்தப் பகுதியில் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் போர்வை இல்லாமல் சொட்டுநீர் மட்டும் போட்டவர்களுக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கிறது. போர்வையும் எல்லாவற்றையும் தடுக்காது. கோரைக்கிழங்கின் கூர்முனை பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். போர்வை போடுமுன் கிழங்கைத் தோண்டி எடுக்கத் தவறியவர் பயிர்க்காலம் முழுவதும் அதன் பலனை அனுபவிக்கவேண்டியதுதான்.

செமினியில் நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி 2011-இல் அமைந்த கிராப்ஸ் ஃபார் த ஃபியூச்சர் ஆய்வு மையம் பரவலாகப் பயிரிடப்படாத பயிர்களை ஆராய்ந்தது. ஆப்பிரிக்காவின் பம்பாரா நிலக்கடலை அங்கே முதன்மையாக ஆராயப்பட்டது. தண்ணீர் குறைந்தாலும் காய்க்கும் பயிர் அது. ஆனால் தொடக்கத்தில் மெல்ல வளர்ந்து நிலத்தை மூடத் தாமதிக்கும். வறட்சியை வெல்லும் குணமும் களையை வெல்லும் குணமும் ஒன்றல்ல என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. நீர்ச்சிக்கனத்துக்குப் பயிர் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் மாதத்து இலைவிரிவையும் அளந்து பார்க்கவேண்டும்.

யார் மிச்சம், யார் செலவு

சான்றுகளைத் தொகுத்தால் சிலாங்கூர் போன்ற ஈர வட்டாரத்துக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் நடவு, கையால் முடியாவிட்டால் இயந்திரத்தால். நட்டதும் மூன்று நான்கு வாரம் நீரைத் தயக்கமின்றித் தேக்கி வைக்கவேண்டும். களை விதையின் முதல் அலை அங்கேயே முடியட்டும். பயிர் மூடிய பிறகு காய்ச்சலும் பாய்ச்சலும். பூக்கும் போது நீர் நிற்கவேண்டும். அதன்பின் வடித்துவிடலாம். நேரடி விதைப்பைத் தொடர வேண்டியவர்கள் முதலில் நீர் விட்டுக் களையை முளைக்கவிட்டு, உழுது அழித்த பிறகு விதைப்பதும், பயிர் தாங்கும் உயரம் வந்தவுடன் நீர் கட்டுவதும் நல்லது. அவர்களால் மிச்சப்படுத்த முடியும் அளவு குறைவு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

இந்த வரிசையைப் பின்பற்ற இரண்டு தடைகள். ஒன்று வாய்க்கால் நிருவாகம். வடமேற்குச் சிலாங்கூரில் பெர்ணம் ஆற்று நீர் ஒரே முதன்மை வாய்க்கால் வழியாகப் பல்லாயிரம் எக்டருக்குப் போகிறது. ஒவ்வொருவர் வயலிலும் ஒரே வாரத்தில் பயிர் மூடுவதில்லை. முதல் மாதம் எல்லாருக்கும் நிறையத் தண்ணீர், பிறகு முறைவைத்துக் கொஞ்சம் என்ற ஏற்பாட்டுக்கு, ஒரே வாய்க்காலில் உள்ளவர்கள் ஒரே வாரத்தில் நடவேண்டும். நடவு இயந்திரம் தட்டுப்பாடாக இருக்கும் வரை அது நடக்காது.

மற்றது பணம். மலேசிய உழவர் பாசன நீருக்கு அளவு பார்த்துக் கட்டணம் கட்டுவதில்லை. அவர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு லிட்டரும் ஆற்றிலோ அணையிலோ தங்கி, நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் பயன்படலாம். அதனால் கூடும் களைச் செலவு மட்டும் உழவர் தலையில் விழுகிறது. களை மருந்தும், களைநெல்லைப் பிடுங்கும் கூலியும், குறைந்த மூட்டைகளும் அவருடையவை. காவிரி டெல்டாவிலும் இதே கணக்குத்தான், நகரத்துக்குப் பதில் பக்கத்து மாநிலம் நிற்கிறது.

நீர்ச்சிக்கனத் திட்டம் ஒன்றை மதிப்பிடும்போது எத்தனை விழுக்காடு தண்ணீர் மிச்சம் என்ற ஒற்றை எண்ணை ஏற்றுக்கொள்ளக் கூடாது. எந்த வாரங்களில் மிச்சம், எந்த நடவுமுறையில் மிச்சம், அந்தப் போகத்தின் களைச் செலவு எவ்வளவு ஏறியது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும். மிச்சப்படும் நீரின் மதிப்பில் ஒரு பங்கு நடவு இயந்திர வாடகையாகவும் களைச் செலவுக்கு ஈடாகவும் வயலுக்கே திரும்பும் என்ற உறுதி இருந்தால், மேலே சொன்ன வரிசை சிலாங்கூரில் நடைமுறைக்கு வரும். அந்த உறுதியைக் கொடுக்கவேண்டியவர்கள் தஞ்சோங் காராங்கில் அல்ல, குழாயின் இந்த முனையில், செமினியிலும் காஜாங்கிலும் கோலாலம்பூரிலும் தண்ணீர்க் கட்டணம் செலுத்தும் நாம்தான்.